கே.டி. கொடுக்கச் சொன்னா ஏன் மனசு வரமாட்டேங்குது?

இன்னைக்குப் பேசப்போறது எல்லா ஆபீஸ்லயும் நடக்கிற, ஆனா மீட்டிங்ல யாரும் பேசாத ஒரு விஷயம். ஒருத்தருக்கு ஒரு வேலை தெரியும். பக்கத்து சீட்டுல இருக்கிறவருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க பத்து நிமிஷம் போதும். சில டீம்ல அந்தப் பத்து நிமிஷம் தானா கிடைக்குது. சில டீம்ல மூணு மெயில், ரெண்டு ரிமைண்டர், மேனேஜரை சிசி-ல போட்ட பிறகும் கிடைக்கிறதில்ல. ஏன் இந்த வித்தியாசம்?

ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு 'கே.டி.' தெரியும். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். நம்ம ஊர்ல 'கேடி'ன்னா வேற அர்த்தம். சில கே.டி. செஷன்ல ரெண்டு அர்த்தமும் பொருந்தும். (சிரிப்பு) பேப்பர் போட்டவர், நோட்டீஸ் பீரியட் கடைசி வாரத்துல ஸ்க்ரீன் ஷேர் பண்ணி, "இந்த ஃபோல்டர்ல எல்லாம் இருக்கு, டாக்குமெண்ட்லயும் போட்டிருக்கேன்" என்பார். ரெக்கார்டிங் ஓடிக்கிட்டு இருக்கும். எது இருக்கு, எது இல்லன்னு தெரியவரும்போது அவர் புது கம்பெனியில சேர்ந்து ரெண்டு மாசம் ஆகியிருக்கும்.

இதைப் பத்தி ஆராய்ச்சியே இருக்கு. கேத்தரின் கானெலி, டேவிட் ஸ்வைக் உள்ளிட்ட நாலு கனடா ஆய்வாளர்கள் 2012ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அறிவைப் பகிராம இருக்கிறது வேற, ஒருத்தர் நேரா வந்து கேட்ட பிறகும் மறைக்கிறது வேறன்னு பிரிச்சாங்க. மறைக்கிறதிலேயே மூணு வகை. ஒண்ணு, நழுவல்: "பாத்துட்டு சொல்றேன் ப்ரோ". அந்தப் பார்வை முடியவே முடியாது. ரெண்டாவது, தெரியாத மாதிரி நடிக்கிறது: "அப்படியா, எனக்கே இது புதுசா இருக்கே". மூணாவது, காரணம் சொல்லி மறுக்கிறது: "க்ளையண்ட் டேட்டா, வெளியே சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க". இந்த மூணாவதுல பல சமயம் உண்மையும் இருக்கலாம், அதனால அதுல வஞ்சகம் கம்மின்னு அவங்களே சொல்றாங்க. மறைக்கிறதுக்குப் பின்னாடி அவங்க கண்ட பெரிய காரணம் ரொம்ப எளிமையானது: கேட்கிற ஆள் மேல நம்பிக்கை இல்ல.

2014ல இன்னொரு ஆய்வு வந்தது. மறைக்கிறவருக்கு அதனால என்ன ஆகுதுன்னு பார்த்தாங்க. நீங்க மறைச்சா, எதிர்ல இருக்கிறவர் உங்ககிட்ட மறைக்க ஆரம்பிக்கிறார். அது வளர்ந்து, கடைசியில உங்க சொந்த யோசனைகளே வறண்டு போகுது. ஆனா இதுல முக்கியமான ஒரு வரி இருக்கு. "யார் முந்துறாங்க"ன்னு மட்டும் பார்க்கிற டீம்ல இந்தச் சேதம் அதிகம். "எல்லாரும் வேலையைக் கத்துக்கிட்டாங்களா"ன்னு பார்க்கிற டீம்ல குறைவு. அதாவது ஆள் குணம் மட்டும் காரணமில்ல, அவர் எந்த இடத்துல உட்கார்ந்திருக்கார் என்பதும் காரணம்.

இப்ப ஒரு கதைக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச கதை. ஜெராக்ஸ் கம்பெனி. நமக்கு ஜெராக்ஸ்ன்னா கம்பெனியே இல்ல, தெருமுனைக் கடை. ஆதார் ரெண்டு காப்பி, மார்க்‌ஷீட் மூணு காப்பி. ஆனா அமெரிக்காவுல அது பெரிய நிறுவனம். மெஷினை வித்த பிறகு அது பழுதானா சரிபண்ண ஊர் ஊரா சுத்துற டெக்னீஷியன்கள் அவங்ககிட்ட ஆயிரக்கணக்குல இருந்தாங்க.

1980கள்ல ஜூலியன் ஆர் என்ற மானிடவியல் ஆய்வாளர் இந்த டெக்னீஷியன்களோட கூடவே சுத்தினார். மானிடவியல்னா பழங்குடி கிராமத்துக்குப் போய்த் தங்குறதுன்னுதானே நினைப்போம்? இவர் ரிப்பேர் பார்க்கிறவங்களோட போய், அவங்க காலைல எங்க சாப்பிடுறாங்க, என்ன பேசிக்கிறாங்கன்னு குறிச்சார். 1996ல அது புத்தகமா வந்தது.

கம்பெனி அவங்களுக்குக் கொடுத்திருந்தது தடிமனான மேனுவல். இந்த எரர் கோடு வந்தா இதைப் பார், 'ஆம்'னா இந்தப் பக்கம் போ, 'இல்லை'ன்னா அந்தப் பக்கம் போ. யார் வேணா, பெரிசா யோசிக்காம, படிச்சுப் பார்த்து சரிபண்ணிடலாம்னு கம்பெனி நினைச்சது. ஆனா மெஷினுக்கு மேனுவல் தெரியாதே. ஒரு இடத்துல ஈரப்பதம், இன்னொரு இடத்துல மட்டமான பேப்பர், வேறொரு இடத்துல ஆபரேட்டரே ஏதோ ஒரு மூடியைத் தப்பா மூடுறார். ஒவ்வொரு பழுதும் கொஞ்சம் புதுசா இருக்கு.

ஆர் விவரிக்கிற ஒரு சம்பவம். ஒரு மெஷின் ஒரு எரர் கோடைக் காட்டுது, ஆனா நடக்கிற பழுது அந்தக் கோடோட ஒத்துப்போகல. டெக்னீஷியன் தன்னைவிட அனுபவமான ஸ்பெஷலிஸ்ட்டைக் கூப்பிடுறார். அவருக்கும் புரியல. புத்தகப்படி பார்த்தா மெஷினையே மாத்திட வேண்டியதுதான். கஸ்டமர் முன்னாடி மானம் போகும். அப்ப ரெண்டு பேரும் என்ன பண்றாங்க? கதை பேசுறாங்க. "அன்னைக்கு ஒரு மெஷின்ல இப்படித்தான் ஆச்சு, அப்ப அது வேற ஒரு போர்டுனால..." இவர் ஒண்ணு சொல்ல, அது அவருக்கு இன்னொண்ணை ஞாபகப்படுத்த, நடுநடுவே மெஷினை ஓடவிட்டுப் பார்க்க, மதியச் சாப்பாட்டையும் தாண்டி இது போகுது. கடைசியில பழுதைக் கண்டுபிடிச்சிடுறாங்க. பிறகு இந்தச் சம்பவமே ஒரு புதுக் கதையா மாறி மத்த டெக்னீஷியன்கள்கிட்ட போகுது.

கம்பெனிப் பார்வையில காலை டிபன் சாப்பிட்டுக்கிட்டு அரட்டை அடிக்கிறது வெட்டி நேரம். ஆர் சொன்னது, அந்த அரட்டைதான் வேலை. சமையல்ல கைப்பக்குவம்னு சொல்றோமே, 'உப்பு தேவையான அளவு'ன்னு எழுதினா அந்த அளவு எப்படித் தெரியும்? பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் தெரியும். இவங்க பக்குவம் கதை மூலமா கை மாறிச்சு.

இப்ப கவனிங்க, இவங்க ஏன் பகிர்ந்தாங்க? யாரும் அவங்களுக்கு பாயிண்ட்ஸ் கொடுக்கல. ஒரே ஏரியாவை ரெண்டு மூணு பேர் பார்த்துக்கிட்டாங்க. நான் இன்னைக்கு உனக்குச் சொல்லலைன்னா நாளைக்கு அந்த மெஷின் என் தலையில விழும். இது தியாகம் இல்ல, நல்ல கணக்கு. அதோட, கஷ்டமான பழுதை சரிபண்ணின கதையைச் சொல்ற சந்தோஷம். புரியுற ஆள் முன்னாடி சொன்னாத்தான் அந்தச் சந்தோஷம் வரும். வீட்டுல சொன்னா, "சரி, கை கழுவிட்டு சாப்பிட வா" என்பாங்க.

அடுத்த கட்டம் 90கள்ல வருது. ஜெராக்ஸோட பார்க் ஆய்வுக்கூடம், இந்த டிப்ஸை எல்லாம் உலகம் முழுக்க எப்படிக் கொண்டுபோறதுன்னு யோசிச்சது. அந்த முயற்சிக்கு யுரேகான்னு பேர். முதல்ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சாங்க. இன்டர்நெட் பரவாத காலம், ஆனா பிரான்ஸ்ல மினிடெல்னு ஃபோன் லைன்ல ஓடுற டெர்மினல் வீடு வீடா இருந்தது. டெக்னீஷியன் ஒரு டிப் எழுதி அனுப்பணும். அது அப்படியே ஏறிடாது. அனுபவமான வேற டெக்னீஷியன்கள் அதைப் பார்த்து, சரியான்னு சோதிச்சு, திருத்தி, பிறகுதான் ஏத்துவாங்க. மேனேஜர் இல்ல, டெக்னீஷியன்களே. எழுதினவர் பேர் டிப்போடவே இருக்கும்.

இதை வடிவமைக்கும்போது, எழுதுறவங்களுக்குப் பணம் கொடுக்கலாமேன்னு ஒரு யோசனை வந்தது. வேண்டாம்னு சொன்னது டெக்னீஷியன்களே! பணம்னு வந்துட்டா எத்தனை டிப் போட்டோம்னு எண்ண ஆரம்பிச்சிடுவோம், எது நல்ல டிப்புன்னு பார்க்கமாட்டோம் என்பது அவங்க வாதம். அவங்களுக்கு வேண்டியது பேர். கூட வேலை பார்க்கிறவங்க மத்தியில, "இந்த ஆளு எழுதினதா, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்கிற பேர்.

இதுல ஒரு கதையை அந்த ஆய்வுக்கூடத் தலைவரா இருந்த ஜான் சீலி பிரவுனும், பால் டுகிட் என்பவரும் எழுதியிருக்காங்க. பிரேசில்ல ஒரு கலர் மெஷின் ஓயாம மக்கர் பண்ணுது. விலை சுமார் 40,000 டாலர். மாத்திடலாம்னு முடிவாகப்போற நேரம். கனடாவின் மாண்ட்ரியல்ல இருக்கிற ஒரு டெக்னீஷியன் எழுதின டிப் கண்ணுல படுது: பிரச்சினை 90 சென்ட் விலையுள்ள ஒரு கனெக்டர்ல. மாத்தினாங்க, மெஷின் ஓடிச்சு. இப்படி எல்லாம் சேர்த்து கம்பெனிக்கு 10 கோடி டாலர் மிச்சம்னு மதிப்பிட்டாங்க. கணக்குச் சொல்றது அந்த ஆய்வுக்கூடத்தையே நடத்தினவர், அதனால கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுத்துக்கணும். ஆனா மாண்ட்ரியல்காரர் பிரேசில்காரர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

சரி, இது அமெரிக்காக் கதை, நம்ம பக்கம்? பெங்களூருக்கு வாங்க. இன்ஃபோசிஸ் 2000களோட தொடக்கத்துல இதையே பெரிய அளவுல செஞ்சு பார்த்தது. கேஷாப்னு ஒரு உள் இணையதளம். ஆரம்பத்துல எழுதுறவங்க குறைவு. ப்ராஜெக்ட் டெட்லைன் கழுத்தைப் பிடிக்கும்போது யார் உட்கார்ந்து கட்டுரை எழுதுவாங்க? அப்ப கே.சி.யூ.ன்னு ஒரு திட்டம் வந்தது, நாலெட்ஜ் கரன்சி யூனிட். எழுதினா யூனிட், மத்தவங்க எழுதினதை மதிப்பிட்டா யூனிட். சேர்த்தா அதுக்குப் பலன் உண்டு. பேர்லயே 'கரன்சி' இருக்கு பாருங்க.

வேலை செஞ்சதா? செஞ்சது, ரொம்பவே செஞ்சது. எழுத்து வந்து குவிஞ்சது. ரகு கருட், அருண் குமாரசுவாமி என்ற ரெண்டு பேராசிரியர்கள் 2005ல இதைப் பத்தி விரிவா எழுதினாங்க. குவிஞ்ச பிறகு வந்த சிக்கலும் அதுல இருக்கு. தரம் பார்க்கிறவங்களால தாக்குப்பிடிக்க முடியல. தேடுற ஆளுக்கு நூறு ரிசல்ட், எது உருப்படின்னு தெரியல. நண்பர் எழுதினதுக்கு நண்பரே நல்ல மார்க். நம்ம ஊர்ல மொய் எழுதுற மாதிரி, நீ எனக்கு வச்சா நான் உனக்கு. அதனால திட்டத்தை மாத்தி அமைச்சாங்க. பணப் பலனைக் குறைச்சு, அங்கீகாரம் பக்கம் நகர்ந்தாங்க. பிரெஞ்சு டெக்னீஷியன்கள் முன்கூட்டியே பயந்தது அப்படியே நடந்தது. இன்ஃபோசிஸைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. அவங்க கவனிச்சாங்க, திருத்தினாங்க, ஆய்வாளர்கள் எழுதவும் விட்டாங்க. பல கம்பெனிகள்ல இன்னும் 'இந்த மாசம் அதிக டாக்குமெண்ட் ஏத்தினவருக்கு அமேசான் வவுச்சர்' ஓடிக்கிட்டுதான் இருக்கு.

பணம் கெட்டதுன்னு சொல்ல வரல. பணம் கொடுத்தா, எதை எண்ணிப் பணம் கொடுக்கிறீங்களோ அது வரும். டாக்குமெண்ட்டை எண்ணினா டாக்குமெண்ட் வரும். பக்கத்து சீட்டுப் பையனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன்ல சொல்லிக்கொடுத்ததை யார் எண்ணுவாங்க?

இதைவிடப் பெரிய தடை ஒண்ணு இருக்கு. பெல் கர்வ். அப்ரைசல் நேரத்துல டீம்ல இத்தனை பேருக்கு மேல நல்ல ரேட்டிங் கொடுக்கக்கூடாது, இத்தனை பேரைக் கீழே போட்டே ஆகணும். இதைப் பிரபலமாக்கினது ஜெனரல் எலக்ட்ரிக்கோட ஜாக் வெல்ச். மைக்ரோசாஃப்ட்ல இது பல வருஷம் இருந்தது, 2013 நவம்பர்ல கைவிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. எட்டு பேர் டீம், ஒருத்தர் கட்டாயம் கீழே போகணும். நான் உனக்கு ஒரு ஷார்ட்கட் சொல்லிக்கொடுத்தா நீ மேலே போவ. அப்ப கீழே போறது யார்? அப்படி ஒரு முறையை வச்சுக்கிட்டு, சுவத்துல 'ஷேரிங் இஸ் கேரிங்'னு போஸ்டர் ஒட்டினா எந்தப் புண்ணியமும் இல்ல. அந்த இடத்துல மறைக்கிறவரை சுயநலவாதின்னு சொல்ல எனக்கு வாய் வரல. கம்பெனி கொடுத்த கணக்கை அவர் சரியாப் போட்டிருக்கார், அவ்வளவுதான்.

கேட்கிறவர் பக்கமும் ஒண்ணு இருக்கு, இதை நாம மறந்துடுறோம். பகிரணும்னா முதல்ல யாராவது கேட்கணும். "இதுகூடத் தெரியாதா"ன்னு ஒரு தடவை கேட்டுட்டா, அந்த ஜூனியர் அடுத்து ஆறு மாசம் வாயைத் திறக்கமாட்டார். ஏமி எட்மண்ட்சன் 90கள்ல ஆஸ்பத்திரி நர்ஸ் குழுக்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணினார். நல்லா நடக்கிற குழுவுல மருந்துத் தவறுகள் குறைவா இருக்கும்னு எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கை அங்கதான் அதிகமா இருந்தது. தவறு அங்க அதிகமா நடந்ததுன்னு அர்த்தமில்ல, அங்க நர்ஸ்கள் பயமில்லாம வெளியே சொன்னாங்க என்பதுதான் அவர் எடுத்த முடிவு. உங்க டீம்ல யாருமே சந்தேகம் கேட்கலைன்னா எல்லாருக்கும் எல்லாம் தெரியும்னு நினைச்சுடாதீங்க.

இப்ப கஷ்டமான கேள்விக்கு வருவோம். "எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டா என்னை அனுப்பிடுவாங்களே?" இது வெறும் பயம் இல்ல. நடந்திருக்கு, நடக்குது. இந்த ஊர்ல இத்தனை ஐ.டி. வேலை வந்ததிலயே ஒரு பங்கு, வெளிநாட்டுல ஒருத்தர் தன் வேலையை நமக்குக் கே.டி. கொடுத்துட்டுப் போனதாலதான். அந்தக் காலைத் தொலைபேசி அழைப்புல அவர் குரல் எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கிற சீனியர்கள் உங்க ஆபீஸ்லயே இருப்பாங்க, கேட்டுப் பாருங்க. இப்ப அந்த நாற்காலியில நாம. சொல்லிக்கொடுக்கவேண்டியது பக்கத்து சீட்டுப் பையனுக்குக்கூட இல்ல. 'உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதி வைங்க, அதை ஏ.ஐ. பாட்ல ஏத்தப்போறோம்' என்கிறாங்க.

யுரேகாவை நினைச்சுப் பாருங்க. அங்க டிப்போட எழுதினவர் பேர் இருந்தது. பாட் பதில் சொல்லும்போது அது யார் எழுதினதுன்னு பல இடத்துல தெரியறதில்ல. உங்க பத்து வருஷப் பக்குவம் 'சிஸ்டம் சொல்லுது'ன்னு ஆகிடுது. உங்க பேர் போச்சு, "நாளைக்கு அவனும் எனக்குச் சொல்வான்" என்கிற கொடுக்கல் வாங்கலும் போச்சு. பாட் உங்களுக்கு என்ன திருப்பிச் செய்யப்போகுது? ரெண்டு காரணமும் போன பிறகு மனசு வரலைன்னா அதுல ஆச்சரியமே இல்ல. கம்பெனியில முடிவெடுக்கிற இடத்துல யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, ஒண்ணே ஒண்ணு: பதிலுக்குக் கீழே எழுதினவர் பேரைக் காட்டுங்க. அதுக்குப் பெரிய செலவில்ல.

அதே சமயம், மறைச்சா பத்திரம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு விஷயம். ஒரு மாட்யூல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு வைங்க. நீங்க இல்லாம ஓடாது, கெத்தா இருக்கும். அப்புறம் பாருங்க, பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காது. சொந்த அக்கா கல்யாணத்துல, மண்டபத்து மாடியில லேப்டாப்போட உட்கார்ந்திருப்பீங்க. புது ப்ராஜெக்ட் வரும்போது, "அவரை எடுத்துட்டா அந்த மாட்யூலை யார் பார்க்கிறது?" என்பாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த டெக்னாலஜியே போயிடும். அப்ப உங்ககிட்ட இருக்கிற ரகசியத்துக்கு மார்க்கெட் இருக்காது. லே-ஆஃப் லிஸ்ட் போடுறவங்களோ பல நேரம் எக்ஸெல்ல சம்பளத்தையும் ப்ராஜெக்டையும் பார்த்துப் போடுறாங்க. உங்க தலைக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதனால நான் என் நண்பர்கள்கிட்ட சொல்றது, ஆளைப் பார்த்து, முறையைப் பார்த்து முடிவு பண்ணுங்க. கேட்டா திருப்பிச் சொல்ற டீமா? தாராளமா சொல்லுங்க. உங்க யோசனையைத் தன் பேர்ல ஸ்லைடுல போடுற ஆளா? சொல்லுங்க, ஆனா தனியா சொல்லாதீங்க. க்ரூப் சானல்ல, எல்லாரும் பார்க்கிற இடத்துல, உங்க பேர்ல எழுதுங்க. பதிவு இருக்கும், பத்து பேருக்கும் உதவும். டீம் லீடா இருக்கிறவங்க நாளைக்கே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. மீட்டிங்ல, "இந்த ஃபிக்ஸை இவங்க சொல்லித்தான் நான் கண்டுபிடிச்சேன்"னு ஒரு வாய் சொல்லுங்க. அப்புறம் கே.டி.யை நோட்டீஸ் பீரியட் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. வேலையை விட்டுப் போறவருக்குத் திரும்பிப் பார்க்க எந்தக் காரணமும் இல்ல. ரெண்டு பேரை ஒரே மாட்யூல்ல போடுங்க, ஒருத்தர் லீவுல போகும்போது இன்னொருத்தர் பார்க்கட்டும். அந்த டெக்னீஷியன்கள் ஒரே ஏரியாவைப் பகிர்ந்துக்கிட்ட மாதிரி. அவங்களோட டீ பிரேக்குல கை வைக்காதீங்க.

சரி மக்களே, இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல அப்ரைசல் ஃபார்ம்ல 'செல்ஃப் ரேட்டிங்' காலத்தை எப்படி நிரப்புறதுன்னு பேசுவோம். அதுவும் ஒரு தனி கைப்பக்குவம்.